மசாலா சரக்கைப் பறிமுதல் செய்துவிட்டார்களா? முதல் ஒரு மணி நேரத்திலிருந்து மேல்முறையீடு வரை

மிளகாய்த்தூள் மூட்டை நான்கைக் கடையின் மூலையில் ஒதுக்கி, வாயைக் கட்டி, அரக்கு வைத்துவிட்டு உணவு பாதுகாப்பு அலுவலர் போய்விட்டார். கடைக்கார அண்ணாச்சியின் கையில் மூன்று காகிதங்கள். மூன்றிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார், ஒன்றையும் படிக்கவில்லை. "சரக்கு போனா போவுது, கேஸ் வராம இருந்தா சரி" என்றார். மூட்டை அங்கேயே கிடக்கட்டும், முதலில் அந்தக் காகிதங்களைக் கொடுங்கள் என்றேன்.

மசாலா வியாபாரிகள் சிலருக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துப் பழகிய அனுபவத்தில் சொல்கிறேன்: பறிமுதல் ஆன சரக்கு வழக்கின் ஒரு பகுதிதான். அன்று எடுத்த மாதிரி, அதை எடுத்த விதம், கடையில் இருக்கும் கொள்முதல் பில் ஆகிய மூன்றும்தான் முடிவைத் தீர்மானிக்கும். மளிகைக்கடை, அரவை மில், சிறிய மசாலா பாக்கெட் கம்பெனி நடத்துபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். தெரிந்தே செங்கல் பொடி கலப்பவருக்கு இது உதவாது, உதவவும் கூடாது.

யார் யார்?

நடப்பில் இருப்பது 2006ஆம் ஆண்டின் உணவு பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம். பழைய 1954 கலப்படத் தடைச் சட்டத்தை ஒதுக்கிவிட்டு, விதிகளோடு 2011 ஆகஸ்ட் 5 முதல் முழு வேகத்தில் அமலுக்கு வந்தது. கடைக்கு வருபவர் உணவு பாதுகாப்பு அலுவலர். மாவட்ட அளவில் அவருக்கு மேலே இருப்பவர் நியமன அலுவலர். மாதிரியைச் சோதிப்பவர் உணவு பகுப்பாய்வாளர். தமிழ்நாட்டில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் கிண்டி, மதுரை, கோவை, சேலம், தஞ்சாவூர், பாளையங்கோட்டை ஆகிய ஊர்களில் உள்ளன. அபராத வழக்கை விசாரிப்பவர் கூடுதல் மாவட்ட நடுவர் (அடிஷனல் டிஸ்ட்ரிக்ட் மாஜிஸ்திரேட்) நிலைக்குக் குறையாத அதிகாரி. நம் ஊரில் பெரும்பாலும் மாவட்ட வருவாய் அலுவலர். சிறைத் தண்டனைக்குரிய வழக்கென்றால் மாநில ஆணையரின் அனுமதி வாங்கி நீதிமன்றத்துக்குப் போகும்.

இதில் நியமன அலுவலரைத்தான் வியாபாரிகள் மறந்துவிடுகிறார்கள். வந்து போன அலுவலரின் பின்னாலேயே அலைவார்கள். ஆனால் மாதிரியின் மிச்சப் பாகங்களைப் பத்திரமாக வைத்திருப்பவரும், அறிக்கையைப் பார்த்து அடுத்து என்ன என்று முடிவு செய்பவரும் நியமன அலுவலர்தான். எழுதிக் கொடுப்பதை எல்லாம் அவருக்கே எழுதுங்கள்.

கதவைத் தட்டும்போது

முதலில் அடையாள அட்டையைக் கேளுங்கள், தவறில்லை. அதிகாரி என்று சொல்லிக்கொண்டு வசூலுக்கு வருகிறவர்களும் உண்டு. அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "இது சட்டப்பூர்வ மாதிரியா, கண்காணிப்பு மாதிரியா?" கண்காணிப்பு மாதிரி என்பது சந்தையில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கு எடுப்பது, அதை வைத்து வழக்குப் போடுவதில்லை. அதில் தவறு தெரிந்தால் மறுபடியும் வந்து முறைப்படி எடுப்பார்கள். சட்டப்பூர்வ மாதிரி என்றால் எழுத்துமூலமான நோட்டீஸ் உங்களுக்குத் தரவேண்டும். அதோடு மாதிரிக்கு விற்பனை விலைப்படி பணமும் தரவேண்டும். சிலர் மரியாதைக்காக "வேண்டாம் சார்" என்பார்கள். வாங்குங்கள். எந்தச் சரக்கு, எவ்வளவு, என்ன விலை என்பதற்கு அந்த ரசீதும் ஒரு சாட்சி.

தடுக்காதீர்கள், ஷட்டரை இறக்காதீர்கள். அலுவலர் கடமையைச் செய்யவிடாமல் தடுப்பது தனிக் குற்றம், அதற்குச் சிறையும் உண்டு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிடும்.

38ஆவது பிரிவு அவருக்குத் தரும் அதிகாரம் பெரியது: கடைக்குள் நுழையலாம், மாதிரி எடுக்கலாம், சட்டத்துக்கு மாறானது என்று தோன்றும் உணவைப் பறிமுதல் செய்யலாம். நிறப்பொடி மாதிரியான கலப்படப் பொருள் இருந்து, அது எதற்கு என்று நீங்கள் திருப்தியாகச் சொல்ல முடியாவிட்டால் அதையும் எடுக்கலாம். கலப்படத்துக்காக அதை வைத்திருக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அப்போது உங்கள் தலையில் விழும். மசாலா மில்லில் கோலப்பொடி கலர் டப்பா ஒன்று அலமாரியில் இருந்தால் நிலைமை என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக் கோலத்துக்கு வாங்கியதுதான், சரி. ஆனால் மில்லுக்குள் அது எதற்கு?

அந்த அதிகாரத்துக்கு வரம்பும் உண்டு. பறிமுதல் போன்ற நடவடிக்கையின்போது ஒருவரையோ சிலரையோ சாட்சியாக அழைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். கணக்குப் புத்தகங்களை எடுக்க வேண்டுமானால் மேலதிகாரியின் முன் அனுமதி வேண்டும். எடுத்தாலும் நகலெடுத்துக்கொண்டு 30 நாளுக்குள் திருப்பித் தரவேண்டும்.

நான்கு பாகம்

மற்றதையெல்லாம் மேலோட்டமாகப் படித்தாலும் இதை நிதானமாகப் படியுங்கள். 47ஆவது பிரிவின்படி மாதிரியை நான்கு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்டி, நியமன அலுவலரின் குறியீட்டு எண் உள்ள சீட்டு ஒட்டி, அரக்கு முத்திரை வைக்க வேண்டும். உங்கள் கையெழுத்து பாதி சீட்டிலும் பாதி உறையிலும் விழும்படி வாங்குவார்கள். பின்னால் யாரும் பிரித்து மாற்ற முடியாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

ஒரு பாகம் பகுப்பாய்வாளருக்குப் போகும். இரண்டு பாகம் நியமன அலுவலரிடம் இருக்கும். நான்காவது பாகம் உங்களுக்கான வாய்ப்பு. நீங்கள் கேட்டால், உங்கள் செலவில், அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்றுக்கு அது அனுப்பப்படும். கேட்காவிட்டால் அதுவும் நியமன அலுவலரின் அலமாரிக்கே போய்விடும். எழுத்தில் கேளுங்கள், அதுவும் மாதிரி எடுக்கும் அந்த நேரத்திலேயே. "நான்காவது பாகத்தை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்பக் கோருகிறேன், கட்டணத்தை நான் செலுத்துகிறேன்" என்ற ஒரு வரி போதும். அரசு ஆய்வக அறிக்கையும் உங்கள் ஆய்வக அறிக்கையும் வேறுபட்டால், நியமன அலுவலர் தன்னிடம் உள்ள பாகத்தில் ஒன்றை மேல்நிலை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் உள்ளது அப்படிப்பட்ட ஒன்று. அங்கே வரும் முடிவே இறுதி.

அண்ணாச்சி இதைக் கேட்கவில்லை. கேட்கலாம் என்று அவருக்குத் தெரியவும் தெரியாது.

மாதிரி எடுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். மூட்டையிலிருந்து எடுத்தால் நன்றாகக் கலந்துவிட்டு எடுக்கிறார்களா? கரண்டியும் டப்பாவும் ஈரமில்லாமல் சுத்தமாக இருக்கின்றனவா? மிளகாய்த்தூளில் ஈரப்பதம் 11 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது தரம். ஈர டப்பாவில் விழுந்த தூள் உங்களுக்கு எதிராகவே பேசும். மொத்தச் சாம்பல் 8 சதவீதம், அமிலத்தில் கரையாத சாம்பல் 1.3 சதவீதம் என்பவையும் உச்ச வரம்புகள். கடைசியில் சொன்னது மண், மணல், செங்கல் பொடி கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும். மூட்டையின் அடியில் மண்டிக்கிடந்த தூளை மட்டும் அள்ளினால் அந்த எண் ஏறும். ஆட்சேபணை இருந்தால் சத்தம் போட வேண்டாம். கையெழுத்துக்கு மேலே ஒரு வரி எழுதுங்கள். பாக்கெட் சரக்கென்றால் பாக்கெட்டைப் பிரிக்காமல் அப்படியே எடுப்பதுதான் முறை.

சரக்கு யார் பொறுப்பில்?

பறிமுதல் ஆன சரக்கை அலுவலர் எடுத்துப் போகலாம், அல்லது உங்களிடமே பத்திரமாக வைக்கச் சொல்லலாம். இடம் இல்லாததால் பல நேரம் இரண்டாவதுதான் நடக்கும். அப்போது சரக்கின் மதிப்புக்குச் சமமான தொகைக்கு ஜாமீன்தாரரோடு பத்திரம் எழுதித் தரச் சொல்லவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

"நம்ம கடையிலதானே இருக்கு" என்ற நினைப்பில்தான் பலர் மாட்டுகிறார்கள். அனுமதி இல்லாமல் அந்த மூட்டையைத் தொட்டால், நகர்த்தினால், சீலைப் பிரித்தால் 60ஆவது பிரிவு பாயும்: 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். சரக்கு சுத்தமானது என்று பின்னால் தெரிந்தாலும் இந்தக் குற்றம் தனியாக நிற்கும். மழை ஒழுகி நனைகிறது, எலி கடிக்கிறது என்றால் நீங்களாக எடுத்து வேறு இடத்தில் வைக்காதீர்கள். போட்டோ எடுத்து, நியமன அலுவலருக்கு அன்றே எழுதி, அனுமதி வாங்கி நகர்த்துங்கள்.

அவர் போவதற்கு முன் ஒருமுறை சரிபாருங்கள்: மூட்டை எண்ணிக்கை, எடை, லாட் நம்பர், தேதி, நேரம், ஏன் பறிமுதல் என்ற காரணம். எல்லாம் உங்கள் கையிலிருக்கும் உத்தரவு நகலிலும் இருக்க வேண்டும். எடை போடாமல் "சுமார் 200 கிலோ" என்று எழுதியிருந்தால், எடை போட்டு எழுதச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள்.

எதைத் தேடுகிறார்கள்?

மிளகாய்த்தூளில் சூடான் சாயம், ரோடமின் பி என்ற, உணவில் சேர்க்கக்கூடாத சிவப்புச் சாயங்கள். மஞ்சள்தூளில் மெட்டானில் மஞ்சள், லெட் குரோமேட். மிளகில் பப்பாளி விதை, பளபளப்புக்கு மினரல் ஆயில். மல்லித்தூளில் உமியும் மரத்தூளும். இவை கலப்படம், அதாவது யாரோ செய்தது. இன்னொரு வகை தானாக வருவது: சரியாகக் காயாத வத்தலில் பூஞ்சை விட்டு உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு, சால்மோனெல்லா கிருமி, வயலில் அடித்த மருந்தின் எச்சம். வியாபாரி ஒன்றும் கலக்கவில்லை என்றாலும் இரண்டாவது வகையில் மாட்டலாம். மழைக்காலத்தில் வந்த வத்தலை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது இது.

சூடான் சாயம் வெறும் உள்ளூர்ச் செய்தி இல்லை. 2003இல் பிரான்சில் இந்திய மிளகாய்ப் பொருளில் அது கண்டுபிடிக்கப்பட்டதும், ஐரோப்பிய ஒன்றியம் அவசரக் கட்டுப்பாடு விதித்தது. 2005இல் பிரிட்டனில் ஒரு சாஸில் சேர்ந்த மிளகாய்த்தூளால் நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். 2024 ஏப்ரலில் ஹாங்காங் உணவுப் பாதுகாப்பு மையம் எம்டிஎச் நிறுவனத்தின் மூன்று மசாலாக்களிலும் எவரெஸ்ட் மீன்குழம்பு மசாலாவிலும் எத்திலீன் ஆக்சைடு என்ற பூச்சிக்கொல்லி இருப்பதாக அறிவித்தது. அதைத் தொடர்ந்து நாடு முழுக்க மாதிரி எடுத்தார்கள். அந்த ஆண்டு மே முதல் ஜூலை தொடக்கம் வரை சோதித்த 4,054 மசாலா மாதிரிகளில் 474 தேறவில்லை.

லெட் குரோமேட்டுக்கு மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாக. மஞ்சள் கிழங்குக்கு மினுமினுப்பு ஏற்ற இதைத் தடவுவார்கள். இதிலுள்ள ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். வங்கதேசத்தில் 2019இல் டாக்கா ஷ்யாம்பஜார் மொத்தச் சந்தையில் கருவி வைத்து அங்கேயே சோதித்து, 900 கிலோவுக்கு மேல் மஞ்சளைப் பறிமுதல் செய்து, இரண்டு மொத்த வியாபாரிகளுக்கு அபராதம் போட்டார்கள். செய்தி ஊடகங்களில் பரவியது. 2019இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் இருந்த கலப்படம் 2021இல் பூஜ்யம். அதனால் பறிமுதல் என்றாலே கெடுபிடி என்று புலம்புபவர்களோடு நான் முழுக்க ஒத்துப்போவதில்லை.

அறிக்கை வந்த பிறகு

பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தரவேண்டும். தாமதமானால் வழக்கே செல்லாது என்று சிலர் தைரியம் சொல்வார்கள். எல்லா உயர் நீதிமன்றங்களும் இதை ஒரே மாதிரி பார்த்ததில்லை, அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். அறிக்கை உங்கள் கைக்கு வந்த தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். அன்றிலிருந்து 30 நாளுக்குள் எட்டாம் எண் படிவத்தில் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் ஏற்றால் இன்னொரு பாகம் மேல்நிலை ஆய்வகத்துக்குப் போகும். நான்காவது பாகத்தைக் கேட்காமல் விட்டவருக்கு இதுதான் கடைசிக் கதவு. உறையை வாங்கி மேஜையில் போட்டுவிட்டுத் திருவிழாவுக்கு ஊருக்குப் போய் வந்து பார்க்கும்போது கெடு முடிந்திருக்கும். நடந்த கதைதான்.

மாதிரி தேறவில்லை என்றால் அறிக்கையில் முடிவு மூன்றில் ஒன்றாக இருக்கும். "தப்புக் குறியீடு" என்றால் லேபிளில் தவறு, 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். "தரம் குறைந்தது" என்றால் வரம்புக்குள் இல்லை, ஆனால் உடம்புக்குக் கேடு என்று சொல்லவில்லை. 5 லட்சம் வரை. இரண்டும் மாவட்ட வருவாய் அலுவலரிடம் போகும். "பாதுகாப்பற்றது" என்றால் கதை வேறு: 59ஆவது பிரிவு, குற்ற வழக்கு. யாருக்கும் பாதிப்பு ஏற்படாவிட்டாலும் 3 மாதம் வரை சிறை, 3 லட்சம் வரை அபராதம் (2023 திருத்தத்துக்கு முன் 6 மாதமும் 1 லட்சமுமாக இருந்தது). உயிரிழப்பு நேர்ந்தால் குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் வரையும் போகலாம். இந்த வார்த்தையைப் பார்த்த அன்றே வக்கீலைப் பாருங்கள்; இந்தக் கட்டுரை அதற்கு மேல் உதவாது.

அபராத விசாரணையில் பேசும்போது 49ஆவது பிரிவை நினைவில் வையுங்கள். தொகையை முடிவு செய்யும்போது எவ்வளவு லாபம் பார்த்தார், யாருக்கு எவ்வளவு நஷ்டம், திரும்பத் திரும்பச் செய்கிறாரா, தெரியாமல் நடந்ததா என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்கிறது அது. "தெரியாம நடந்துடுச்சு சார்" என்று வாயால் சொல்வதை விட, ஐந்து வருடமாக ஒரு புகாரும் இல்லை என்பதற்கான காகிதத்தை நீட்டுவது எடுபடும். உத்தரவில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் உணவு பாதுகாப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். அங்கிருந்து 60 நாளுக்குள் உயர் நீதிமன்றம்.

பில் எங்கே?

27ஆவது பிரிவு விற்பவர் எதற்கெல்லாம் பொறுப்பு என்று சொல்கிறது: காலாவதியானதை விற்றால், சுகாதாரமில்லாமல் வைத்திருந்தால், தப்புக் குறியீடு உள்ளதை விற்றால், பாதுகாப்பற்றது என்று தெரிந்தே வாங்கியிருந்தால். கூடவே இன்னொன்று: யாரிடமிருந்து வந்தது என்று அடையாளம் காட்ட முடியாவிட்டால். மளிகைக்கடைகள் விழுவது பெரும்பாலும் இந்தக் குழியில்தான். மண்டியில் "பில் வேண்டாம், கிலோவுக்கு ரெண்டு ரூபா கம்மி" என்று வாங்கிய அன்று அந்த இரண்டு ரூபாய் லாபம். ஆனால் பில் இருந்தால் வழக்கு உங்களைத் தாண்டி மேலே, அரைத்தவர் வரைக்கும் போகும். இல்லையென்றால் உங்களோடு நிற்கும். பில்லில் விற்றவரின் உரிம எண்ணும் லாட் நம்பரும் இருக்க வேண்டும். தரத்துக்கு அவர் தரும் எழுத்து உத்தரவாதத்தையும் கேட்டு வாங்குங்கள்.

அதோடு, அரைத்த மசாலாத் தூளைப் பாக்கெட் இல்லாமல் விற்பதற்கே தடை இருக்கிறது. மூட்டையைத் திறந்துவைத்துக் கரண்டியால் அள்ளி நிறுத்து விற்பது நம் ஊரில் காலகாலமாக நடப்பதுதான். தரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது விதிமீறல். முழு மிளகாய், முழு மல்லிக்கு இந்தத் தடை இல்லை.

அலுவலர் தவறினால்?

காரணமில்லாமல், வேண்டுமென்றே தொல்லை தருவதற்காகப் பறிமுதல் செய்திருந்தால் 39ஆவது பிரிவில் அவருக்கே 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் பொய்ப்புகார் கொடுத்தால் 50 ஆயிரத்திலிருந்து 1 லட்சம் வரை புகார் கொடுத்தவர் கட்ட வேண்டும். கோபத்தில் எழுதுகிற விஷயம் இல்லை. நடைமுறைக் குறைகள் எவ்வளவு எடுபடும் என்பதற்கு மேகி நூடுல்ஸ் வழக்கு நல்ல எடுத்துக்காட்டு. 2015 ஜூனில் போட்ட தடையை அதே ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நிறுவனத்தின் தரப்பைக் கேட்கவில்லை, சோதித்த ஆய்வகங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லை என்பவை அதற்கான முக்கிய காரணங்கள். பெரிய கம்பெனிக்குப் பெரிய வக்கீல் இருந்தார், உண்மைதான். ஆனால் அவர்கள் கையில் எடுத்ததும் நீங்கள் கையெழுத்துப் போட்ட அதே நடைமுறை விதிகளைத்தான்.

வாங்குபவராக இருந்தால்

சந்தேகம் வந்தால் தமிழ்நாட்டில் உணவு பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்ஆப் எண்ணுக்குப் படத்தோடு புகார் அனுப்பலாம். நீங்களே சோதிக்க விரும்பினால் 40ஆவது பிரிவு வழிவிடுகிறது: வாங்கும்போதே "இதைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டுக் கட்டணம் கட்டிப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். தவறு தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தண்ணீர் டம்ளரில் மிளகாய்த்தூளைத் தூவிக் கலர் இறங்குகிறதா என்று பார்ப்பது வீட்டுக்கு நல்ல பழக்கம். வழக்குக்கு அது உதவாது.

அண்ணாச்சியின் அறிக்கை "தரம் குறைந்தது" என்று வந்தது, சாம்பல் அளவு கூடுதல். சாயம் எதுவும் இல்லை. கல்லாப்பெட்டியின் அடியில், எண்ணெய் படிந்த ஒரு பில் கிடைத்தது; அரைத்துக் கொடுத்த மில்லின் பெயரும் லாட் நம்பரும் அதில் இருந்தன. அதை வைத்து மில்லையும் வழக்கில் சேர்த்தார்கள். இப்போது அவர் கடைச் சுவரில் ஆணி அடித்து ஒரு கம்பி மாட்டியிருக்கிறார், கொள்முதல் பில் எல்லாம் அதில் குத்தியிருக்கிறது. மண்டியில் இரண்டு ரூபாய் கம்மி என்று யாராவது சொன்னால் அந்தக் கம்பியைக் காட்டுகிறார்.